சாக்கடை வாயுவில் எரிகிறதா லண்டன் தெருவிளக்கு?

நீங்கள் கேட்டது இது. லண்டனில் ஸ்ட்ராண்ட் தெருவிலிருந்து தேம்ஸ் கரைக்கு இறங்கும் கார்ட்டிங் லேன் என்ற சந்தில், சவாய் ஹோட்டலை ஒட்டினாற்போல் ஒரு பழைய விளக்குக் கம்பம் நிற்கிறது. நீங்கள் போனது மத்தியானம். அப்போதும் அது எரிந்துகொண்டிருந்தது. அழைத்துப்போனவர், "ஹோட்டலில் தங்குகிறவர்களின் கழிவிலிருந்து வரும் வாயுவில்தான் இது எரிகிறது" என்றார். அங்கிருந்து ஆற்றங்கரைக்கு வந்தால் மீன்கள் பின்னிக்கொண்ட விளக்குகள். அந்தக் கழிவு வாயுக் கதை நிஜமா, நிஜமென்றால் நம் ஊரில் ஏன் செய்யவில்லை, இந்த மீன்கள் எதற்கு என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

பாதாளச் சாக்கடைப் பிரிவில் 31 ஆண்டுகள் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகள் லண்டனில் இருப்பதால் அங்கே போகும்போதெல்லாம் அந்தச் சந்துக்கும் போய்விடுவேன். ஆகவே கம்பத்தைப் பற்றியும் அதன் அடியில் ஓடுவதைப் பற்றியும் தைரியமாகச் சொல்ல முடியும். மீன் சிற்பம் என் துறை இல்லை. அதில் நான் வெறும் வாசகன். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் கேள்விக்கு நேர்பதில்: அந்த விளக்கு சாக்கடை வாயுவில் எரியவில்லை. லண்டனின் மற்ற கேஸ் தெருவிளக்குகளைப் போலக் குழாயில் வரும் கேஸில்தான் எரிகிறது. ஆனாலும் அழைத்துப்போனவர் சொன்னது முழுப்பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. அந்தக் கம்பத்தைச் சாக்கடையோடு இணைத்துத்தான் நட்டார்கள். இணைப்பு இருந்தது, அதன் நோக்கம்தான் கதையில் தலைகீழாகிவிட்டது. சாக்கடை விளக்குக்கு எரிபொருள் கொடுக்கவில்லை. விளக்குதான் சாக்கடைக்கு மூக்காக இருந்து மூச்சு விட உதவியது.

சாக்கடைக்கு எதற்கு மூச்சு என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுக் கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கிச்சன் சிங்க்குக்கு அடியில் பாட்டில் ட்ராப் மாட்டியிருப்பார்கள், அதிலும் தண்ணீர் நிற்கும். வாட்டர் சீல் என்போம். சில அங்குலத் தண்ணீர்தான் உங்கள் வீட்டுக்கும் ஊர்ச் சாக்கடைக்கும் நடுவே உள்ள கதவு. காலையில் ஊரே குளிக்கும் நேரத்தில் குழாயில் நீர்மட்டம் ஏறும். மேலே இருந்த காற்று போக இடம் தேடும். தெருவில் வழி இல்லாவிட்டால் அந்த வாட்டர் சீலைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் குபுக்கென்று வரும். பிறகு மட்டம் இறங்கும்போது அதே காற்று பின்னுக்கு இழுத்து, சீலில் நின்ற தண்ணீரையே உறிஞ்சிக்கொண்டு போகும். "சார், வீட்டுக்குள்ள நாத்தம் தாங்கல" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இதனால்தான். குழாயில் அடைப்பே இருக்காது. காற்றுக்கு வழி இல்லாததுதான் கோளாறு.

அதற்காகத்தான் காற்றுப்போக்கிக் கம்பங்கள். உள்ளே கூடான இரும்புக் குழாயைச் சாக்கடையில் பொருத்தி, வீட்டுக் கூரைக்கு மேலே உயர்த்தி நிறுத்துவார்கள். லண்டனில் இவற்றுக்கு 'நாற்றக் குழாய்' என்றே பெயர். தலையில் விளக்கு இல்லாத விளக்குக் கம்பம் போல, பச்சையோ சாம்பலோ பூசிக்கொண்டு தெருமுனைகளில் இன்றும் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. கம்பி இல்லை, விளக்கு இல்லை, பலகை இல்லை, இது எதற்கு நிற்கிறது என்று யோசிக்க வைக்கும் கம்பம் கண்ணில் பட்டால் பெரும்பாலும் அதுதான்.

ஆனால் வெறும் குழாயில் ஒரு குறை உண்டு. காற்று தானாக மேலேற வேண்டும். குளிர்காலத்தில் சாக்கடைக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடு, அதனால் ஏறும். வெயில் காலத்தில், நாற்றம் மிக அதிகமாக இருக்கும் நேரத்தில், அசையாமல் கிடக்கும். இதற்கு பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜோசப் வெப் என்பவர் 1890களில் ஒரு வழி கண்டு காப்புரிமை வாங்கினார். கம்பத்தின் உச்சியில் நெருப்பை வைத்துவிடு என்பதுதான் அவர் யோசனை. கூடான கம்பம் சாக்கடைக்குள் இறங்கும். அதன் வழியாகத் தனி மெல்லிய குழாயில் கேஸ் மேலேறி உச்சியில் எரியும். அந்தச் சூட்டில் மேலே உள்ள காற்று விரிந்து வெளியேற, கீழேயிருந்து சாக்கடைக் காற்று இழுபட்டு வரும். விறகடுப்புக்கு மேலே புகைபோக்கி இழுக்கிறதே, அதே வேலை. இழுபட்டு வரும் காற்று சுடரைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும் என்பதால், அதில் உள்ள நாற்ற வாயுக்கள் அந்தச் சூட்டில் சிதைந்தும் போகும். அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு ஏறக்குறைய 260 டிகிரி செல்சியஸிலேயே தானாகத் தீப்பிடிக்கும், சுடரின் சூடு அதற்குத் தாராளம்.

பகலிலும் ஏன் எரிகிறது என்பதற்கு இதிலேயே பதில் இருக்கிறது. இது வெளிச்சத்துக்காக மட்டும் எரியும் விளக்காக இருந்தால் விடிந்ததும் அணைத்துவிடலாம். இழுத்துக்கொண்டே இருக்க வேண்டிய அடுப்பு, அணைத்தால் இழுப்பு நின்றுபோகும். என்னைக் கேட்டால் அதை விளக்கு என்று சொல்வதே பாதிதான் சரி. வெளிச்சம் தரும் புகைபோக்கி என்றால் முழுக்கச் சரி.

சாக்கடை வாயு விளக்குக்குப் போதாது என்று இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறேன் என்று கேட்கலாம். இரண்டு வழியில் பார்க்கலாம். எரியக்கூடிய வாயு மீத்தேன். காற்றில் அது நூற்றுக்கு 5 பங்குக்குக் கீழே இருந்தால் தீப்பிடிக்காது, 15 பங்குக்கு மேலே போனாலும் பிடிக்காது. விளக்குக்குத் தொடர்ந்து தீனி போடும் அளவு மீத்தேன் ஒரு தெருச் சாக்கடையில் இருக்கிறதென்றால், அந்தத் தெருவே ஒரு வெடிகுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். நன்றாக ஓடும் சாக்கடையில் இருப்பது பெரும்பகுதி சாதாரணக் காற்றும் ஈரமும்தான். நாற்றம் அதிகமாக இருப்பதால் எரிவாயுவும் அதிகம் என்று நினைக்கத் தோன்றும். அது தப்பு. ஹைட்ரஜன் சல்ஃபைடு நூறு கோடியில் ஒருசில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு வழி கணக்கு. சாண எரிவாயுக் கலன் வைத்திருக்கும் வீடுகளில், மேண்டில் என்ற ஒளிரும் வலை போட்ட 100 மெழுகுவத்தி ஒளியுள்ள ஒரு விளக்குக்கு மணிக்கு 0.13 கன மீட்டர் வாயு என்று கணக்கு வைப்போம். ஒரு நாள் முழுக்க எரித்தால் 3 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஒரு மனிதரின் ஒருநாள் கழிவிலிருந்து, காற்றே புகாத கலனில் வாரக்கணக்கில் ஊறப்போட்டால், 25 முதல் 30 லிட்டர் வாயு கிடைக்கும். அப்படியானால் ஒரே ஒரு மேண்டிலை இரவும் பகலும் எரிக்க நூறு பேருக்கு மேல் வேண்டும். வெப் விளக்கின் தலையில் ஒன்றுக்கு மேற்பட்ட மேண்டில்கள். நூறு பேர் என்ன, ஆயிரம் பேர் கிடைப்பார்களே என்றால், கழிவு குழாயில் இருப்பது சில மணி நேரம்தான். அதற்குள் ஊறி வாயுவாக மாறுவது சொற்பம். அதனால்தான் ஹோட்டல் விருந்தினர் கதையைக் கேட்கும்போதெல்லாம் என்னால் தலையாட்ட முடிவதில்லை.

இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள். அந்த ஹோட்டலை ஒட்டிய சவாய் தியேட்டர்தான் 1881இல் முழுக்க முழுக்க மின்விளக்கால் ஒளியூட்டப்பட்ட முதல் பொதுக் கட்டடம். ஜோசப் ஸ்வான் செய்த பல்புகள் ஏறக்குறைய 1,200 அங்கே எரிந்தன. அப்படிப்பட்ட இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் கேஸ் விளக்கு நிலைத்துவிட்டது என்பதே, அது வெறும் வெளிச்சத்துக்காக வந்ததல்ல என்பதற்கு நல்ல சாட்சி.

லண்டன்காரர்கள் நாற்றத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டதற்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. 1858 கோடையில் தேம்ஸ் நதியே திறந்த சாக்கடையாக நாறியது. நாடாளுமன்றத்தின் ஜன்னல் திரைகளைக் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. 'பெரும் நாற்றம்' என்றே அந்தக் கோடைக்குப் பெயர் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளரிடம் பணம் கொடுத்து, நகரத்தின் குறுக்கே 130 கிலோமீட்டருக்கு மேல் ஆற்றில் விழும் கழிவை வழியிலேயே மறித்துக் கொண்டுபோகும் பெரும் இடைமறிப்புச் சாக்கடைகள் கட்டச் சொன்னார்கள். ஆற்றோரம் மண்ணைக் கொட்டி எழுப்பி 1870இல் திறந்த விக்டோரியா எம்பாங்க்மென்ட் சாலை அந்த வேலையின் ஒரு பகுதி. நீங்கள் நடந்த அழகான ஆற்றங்கரைச் சாலையின் வயிற்றுக்குள் ஒரு பெரிய சாக்கடை ஓடுகிறது. என் தொழிலில் இருந்தவர்களுக்கு அது ஒரு திருத்தலம் மாதிரி.

அந்தக் காலத்தில் நாற்றமே நோய் என்று நம்பினார்கள். கெட்ட காற்றை மூச்சில் இழுத்தால் காலரா வரும் என்று எண்ணினார்கள். ஜான் ஸ்னோ 1854இலேயே, அது குடிநீரில் வருகிறது என்று பிராட் தெரு அடிபம்பை வைத்துக் காட்டினார். ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவுக்கே வந்து, காலராக் கிருமியை நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்து உறுதிப்படுத்தினார். இருந்தும் சாக்கடைக் காற்றின் மீதிருந்த பயம் மட்டும் லேசில் போகவில்லை. அப்படிப் பயந்த ஊருக்கு வெப்பின் விளக்கு நல்ல மருந்தாகத் தெரிந்திருக்கும். காலராவைப் பொறுத்தவரை காரணத்தைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு சரியான வேலையைச் செய்தார்கள். கழிவைக் குடிநீரிலிருந்து பிரித்ததால் நோய் குறைந்தது. காற்றை எரித்தது அதற்குத் தேவையே இல்லை.

ஆனால் சாக்கடைக் காற்று தீங்கற்றது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தெருவில் நடப்பவருக்கு அது வெறும் நாற்றம். உள்ளே இறங்குகிறவருக்கு அது எமன். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருக்கும்போது நாறும். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றுவிட்டது, இறங்கலாம் என்று நினைப்பவர் அங்கேயே விழுவார். நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் மூத்த மேஸ்திரி ஒருவர் சொல்லிக்கொடுத்தது இன்னும் காதில் இருக்கிறது. முதலில் மேலே ஒரு மூடி, கீழே ஒரு மூடி திறந்து காற்றாட விடு, அப்புறம் விளக்கை இறக்கு என்பார். சுரங்கத்தில் பயன்படுத்தும் கம்பிவலை போட்ட காப்பு விளக்கு அது. கயிற்றில் கட்டி மேன்ஹோலுக்குள் இறக்குவோம். சுடர் மங்கினால் ஆக்சிஜன் இல்லை, நீண்டு நீலம் பூத்தால் மீத்தேன் இருக்கிறது. லெட் அசிடேட் தோய்த்த ஈரக் காகிதத்தையும் கூடவே தொங்கவிடுவோம். கறுத்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. இதையெல்லாம் செய்தும் மனிதரை இறக்கியதே தவறு என்றுதான் இன்று நினைக்கிறேன். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் விஷவாயு தாக்கி இறந்தவர்கள் என்று செய்தித்தாளில் படிக்கும்போது அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அந்த லண்டன் கம்பத்தின் முன்னால் நான் நிற்கும்போது நினைவுக்கு வருவது ஹோட்டல் விருந்தினர் இல்லை, அந்த மேஸ்திரிதான்.

வெப் விளக்குகள் லண்டனைவிட ஷெஃபீல்டில்தான் அதிகம். மேடும் பள்ளமுமான ஊர் அது. மேட்டுப்பகுதிக் குழாய்களில் வாயு போய்த் தேங்கும். 1914 முதல் 1935 வரை அங்கே 84 விளக்குகள் நட்டார்கள், இருபதுக்கும் மேற்பட்டவை இன்னும் நிற்கின்றன. வட இங்கிலாந்துக் கடற்கரையில் விட்லி பே பக்கமும் சில உண்டு. லண்டனில் மிஞ்சியது உங்கள் கார்ட்டிங் லேன் கம்பம். ஒருமுறை லாரி ஒன்று பின்னால் வந்து இடித்துச் சாய்த்துவிட, பழுது பார்த்து அதே இடத்தில் நிறுத்தினார்கள். அந்தச் சந்துக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர், சந்தின் முதல் எழுத்தை மாற்றி, மனிதர் வாயு விடுவதைக் குறிப்பது. அந்தச் செல்லப்பெயரும் சேர்ந்துதான் கழிவில் எரிகிறது என்ற கதையை வளர்த்திருக்கும் என்பது என் ஊகம்.

மேண்டில் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அதைப் பற்றி ஒரு விஷயம் தமிழ் வாசகர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். லண்டனில் கேஸ் விளக்கு வந்தது 1807இல். ஃபிரெடரிக் வின்சர் என்ற ஜெர்மானியர் பால் மால் தெருவில் எரித்துக் காட்டினார். 1813 கடைசி நாளில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் கேஸ் விளக்கேற்றினார்கள். ஆனால் அப்போதெல்லாம் வெறும் சுடர்தான், மஞ்சளாக, புகையாக, மீன்வால் போல அலைந்துகொண்டிருக்கும். அதை வெள்ளை வெளிச்சமாக மாற்றியவர் ஆஸ்திரியரான கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு என்ற கலவையை 1891இல் அவர் கண்டுபிடித்தார். அந்த உப்புகளில் தோய்த்த நூல்வலையைப் பற்றவைத்தால் நூல் எரிந்துபோய் ஆக்சைடு வலை மட்டும் நிற்கும், சூட்டில் பளீரென்று ஒளிரும். திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் நாம் பார்த்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் இதுவேதான். புது மேண்டிலைப் பற்றவைத்த பிறகு விரல் பட்டால் பொடியாக உதிருமே, அது அந்த ஆக்சைடு வலை.

தோரியத்துக்கு எங்கே போவது? முதலில் பிரேசில் கடற்கரை மோனசைட் மணல். அந்த வியாபாரத்தை ஜெர்மன் கம்பெனிகள் கையில் வைத்திருந்தன. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார் என்று சொல்வார்கள். கயிற்றுக் கதை எவ்வளவு துல்லியமோ, அவர் தேடி வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி என்பது உறுதி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே மணல் பிரிக்கும் ஆலை தொடங்கினார். முதல் உலகப்போர் வந்ததும் அவரைக் கைது செய்தார்கள், பிறகு அந்தத் தொழில் பிரிட்டிஷ் கம்பெனி கைக்குப் போனது. நம் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 பங்கு வரை இருக்கும், பிரேசில் மணலைவிட அதிகம். ஐரோப்பியத் தெருக்களிலும் வீடுகளிலும் கேஸ் மேண்டில்கள் எரிந்த ஆண்டுகளில் குமரிக் கடற்கரை மணல் கப்பலேறிக்கொண்டிருந்தது. இந்தக் குறிப்பிட்ட கம்பத்தின் மேண்டிலில் எந்த ஊர் மணல் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் லண்டன் கேஸ் விளக்கைப் பற்றிப் பேசும்போது மணவாளக்குறிச்சியை விட்டுவிட்டுப் பேசுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

இனி மீன்கள். எம்பாங்க்மென்ட் சுவர்மேல் வரிசையாக நிற்கும் விளக்குகளை வடிவமைத்தவர் ஜார்ஜ் வல்லியமி, பேசல்ஜெட்டோடு வேலை செய்த கட்டடக் கலைஞர். கிளியோபாட்ரா ஊசி என்ற எகிப்தியத் தூணைக் காத்திருக்கும் ஸ்ஃபிங்ஸ்களும் அருகே ஒட்டகம் தாங்கும் பெஞ்சுகளும் அவர் கைவண்ணமே. விளக்கில் பின்னியிருப்பவை டால்பின்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பார்த்தால் தடித்த உதடும் செதிலுமாக ஸ்டர்ஜன் மீன் போலிருக்கும் என்பதால் அப்படிச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு இதில் பெரிய குழப்பம் தெரியவில்லை. ஐரோப்பியச் சிற்பிகளின் டால்பின், கடலில் துள்ளும் டால்பினைப் பார்த்துச் செய்ததே இல்லை. நம் கோயில் தோரணத்து மகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், முதலையா மீனா யானையா என்று கேட்டால் என்ன சொல்வோம்? மகரம் என்போம். அதுபோலத்தான் இதுவும். நதியோரச் சாலைக்கு நீர்வாழ் உருவம் வேண்டும், பழைய ரோமானிய பாணியில் வேண்டும், அதற்கு இந்த உரு கையில் இருந்தது. கம்பத்தில் 1870 என்று பொறித்திருப்பதைக் காணலாம். எதிர்க்கரையில் சில இடங்களில் 1977 என்று இருக்கும். அவை எலிசபெத் ராணியின் வெள்ளிவிழாவுக்காகப் பழைய அச்சைப் பின்பற்றி வார்த்தவை. ஆண்டைப் பார்க்காமல் எல்லாம் விக்டோரியா காலம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

இந்த மீன் விளக்குகளுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1878 டிசம்பரில் அதே கரையில் யப்லோச்கோவ் மெழுகுவத்தி என்ற மின்வில் விளக்குகளைப் போட்டார்கள். இரண்டு கரித்தண்டுகளை அருகருகே நிறுத்தி நடுவே மின்பொறியை எரிக்கும் ஏற்பாடு. ரஷ்யரான பாவெல் யப்லோச்கோவ் கண்டுபிடித்தது. ஒன்றரை மணி நேரம்போல் எரிந்ததும் தண்டு தீர்ந்துவிடும். செலவு கட்டாமல் 1884இல் திரும்பவும் கேஸுக்கே போனார்கள். புதியது வந்ததும் பழையது ஒரேயடியாகப் போய்விடும் என்று நினைக்கிறோம். தெருவிளக்கில் அப்படி நடக்கவில்லை.

விசித்திர விளக்குகள் என்று பேச்சு வந்துவிட்டதால் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அழைத்துப்போகிறவர்கள் அடிக்கடி சொல்லும் கதைகள் என்பதற்காக. வெஸ்ட்மின்ஸ்டர் பகுதி விளக்குக் கம்பங்களில் ஆங்கில எழுத்து 'சி' இரண்டு ஒன்றோடொன்று பின்னியிருக்கும். வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு தன் காதலியான ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனெலுக்காக ஊர் முழுக்கப் பொறித்தார் என்பார்கள். இது இல்லவே இல்லை. காதல் 1920களில் நடந்தது உண்மை, கம்பங்கள் 1950களில் வந்தவை. அந்த இரண்டு எழுத்தும் நகரசபை என்பதன் ஆங்கிலச் சுருக்கம். டிராஃபால்கர் சதுக்கத்தின் மூலையில் தூண் போன்ற சின்னப் போலீஸ் சாவடி ஒன்று இருக்கிறது, அதன் தலையில் உள்ள விளக்கு கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. அது கோல்ட்ஸ்வர்த்தி கர்னி என்பவர் உருவாக்கிய 'பியூட் விளக்கு' வகை, எண்ணெய்ச் சுடருக்குள் ஆக்சிஜனைச் செலுத்திப் பிரகாசம் கூட்டும் முறையில் பெயர் பெற்றது. நெல்சன் இறந்தது 1805இல். அந்த விளக்கு முறை வந்தது அதற்கு ஒரு தலைமுறைக்குப் பின்.

லண்டனில் கேஸில் எரியும் தெருவிளக்குகள் இன்னும் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பராமரிப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சின்னக் குழு. பல விளக்குகளில் சாவி கொடுக்கும் கடிகாரம் இருக்கிறது. பதினான்கு நாளுக்கு ஒருமுறை ஏணியில் ஏறிச் சாவி கொடுத்து, பகல் நீளத்துக்குத் தக்கபடி நேரம் மாற்றிவிட்டு, மேண்டிலையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டு இறங்குவார்கள். கம்பத்தின் கழுத்தில் குறுக்காக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், அலங்காரமென்று நினைப்போம், ஏணியைச் சாய்க்கத்தான் அது. 2021இல் வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை தன் பகுதி கேஸ் விளக்குகளை எல்இடிக்கு மாற்றத் திட்டமிட்டபோது மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள், பிறகு பாரம்பரியப் பட்டியலில் உள்ளவற்றைக் கேஸிலேயே விட்டுவைக்க முடிவானது. கேஸ் விளக்கு எரிபொருளைத் தின்னும், கார்பனை விடும் என்பதில் சந்தேகமே இல்லை. அதைச் சொல்லும் அதிகாரிகள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரு தொழில்நுட்பத்தை வேலை செய்யும் நிலையிலேயே கண்ணால் பார்க்க முடிவது அபூர்வம். கொஞ்சம் கேஸ் போகட்டும், சிலவற்றை எரியவிடுங்கள் என்பது என் கட்சி.

கடைசியாக உங்கள் இரண்டாவது கேள்வி, நம் ஊரில் ஏன் செய்யவில்லை. வெப் விளக்கை நாம் நடாததில் எந்த நஷ்டமும் இல்லை. ஒரு தெருவின் காற்றைப் போக்க இரவும் பகலும் கேஸ் எரிப்பது இன்றைக்குக் கட்டுப்படியாகாது. சரியான சரிவில் குழாய் பதித்து, ஒவ்வொரு வீட்டுக் குழாயையும் மொட்டைமாடிக்கு மேலே காற்றுப்போக்கியாக நீட்டிவிட்டாலே தெருச் சாக்கடைக்கு வேண்டிய காற்று கிடைத்துவிடும். வீடு கட்டும்போது கொத்தனார் "அந்தக் குழாய் எதுக்கு, மேல மூடிரலாம்" என்றால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். மழைக்குத் தொப்பி மாட்டலாம், அடைக்கக் கூடாது.

ஆனால் கழிவிலிருந்து வெளிச்சம் எடுக்கிறோமா என்று கேட்டிருந்தால் பதில், எடுக்கிறோம். கோயம்பேடு, கொடுங்கையூர், பெருங்குடி, நெசப்பாக்கம் என்று சென்னையின் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் கசடைப் பிரித்து, காற்றுப் புகாத பெரிய தொட்டிகளில் வாரக்கணக்கில் செரிக்க விடுகிறார்கள். அதில் சேரும் வாயுவின் பெரும்பகுதி மீத்தேன். நாற்ற வாயுவைக் கழுவி நீக்கிவிட்டு, கேஸ் எஞ்சினில் கொடுத்து ஜெனரேட்டரை ஓட்டுகிறார்கள். நிலையத்தின் பம்புகளுக்கும் காற்றடிக்கும் இயந்திரங்களுக்கும் வேண்டிய மின்சாரத்தில் பெரும்பங்கு அதிலிருந்தே வருகிறது, அந்த வளாகத்துத் தெருவிளக்குகளுக்கும் சேர்த்து. சவாய் ஹோட்டல் பக்கத்தில் உங்களுக்குச் சொன்ன கதை நிஜமாக நடக்கும் இடம் பார்க்க வேண்டுமென்றால், அனுமதி வாங்கிக்கொண்டு கொடுங்கையூருக்குப் போய்வாருங்கள். மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டும் வழக்கமும் உண்டு.